நிறுத்தினால் பாயும் பொறி

கிளென்மார்கனில் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் கார் காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. நின்ற இடத்தில் ஒரு குறையும் இல்லை. தேயிலைத் தோட்டச் சாலையில், சமதளத்திலும் இறக்கத்திலும், நல்ல பிள்ளையாக ஓடுகிறது. ஊட்டி–கூடலூர் சாலையைப் பிடித்து ஒரு மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால்தான் சனியன் பிடிக்கிறது. வண்டி குலுங்குகிறது, இழுக்க மறுக்கிறது. காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும்; மிதித்தால் மறுபடி குலுக்கல். மூடுபனி இறங்கிய நாளென்றால் இன்னும் மோசம். ஒர்க் ஷாப்பில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். அனுபவமுள்ள மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே, "பிளக்கை மாத்திருங்க சார், காயிலையும் ஒரு பார்வை பாத்துருவோம்" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அவர் சொல்வது சரி என்பதால் புதிர் தீர்ந்துவிடவில்லை. பிளக் கெட்டிருந்தால் எப்போதும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்? மேடு வந்தால் மட்டும் கெட்டுப்போவானேன்? இதற்கும் அடியில் இன்னொரு புதிர் இருக்கிறது. கார் பேட்டரி தருவது 12 வோல்ட். அதன் இரு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காது. பிளக்கின் நுனியிலோ, ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்கிறது. வெளியே இருக்கும் சாதாரணக் காற்றில் 1 மி.மீ. தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தி நெருக்கப்பட்ட காற்று–பெட்ரோல் கலவையில் தேவை 10,000, 20,000 என்று ஏறும். 12 எங்கே, 20,000 எங்கே? இரண்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் காயில் ஒன்றுதான். தமிழில் அதை எரியூட்டுச் சுருள் எனலாம்.

அந்தச் சுருளுக்குள் நடப்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. மின்சாரத்தைக் கொடுக்கும்போது பொறி பிறப்பதில்லை. கொடுத்த மின்சாரத்தை வெடுக்கென்று நிறுத்தும்போதுதான் பிறக்கிறது.

இதை விளக்குவதற்குக் கிளென்மார்கனைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவையும், கீழே விரியும் முதுமலைக் காட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீலகிரிக்காரர்களுக்கு இது 'விஞ்ச்' என்ற இழுவைவண்டி இருக்கும் ஊர், மின்வாரியத்தின் ஊர். பைக்காராவின் தண்ணீர் இங்குள்ள சிறு நீர்த்தேக்கத்துக்கு வந்து, மலைச்சரிவில் பதித்த எஃகுக் குழாய்கள் வழியாகச் சிங்காராவுக்கு இறங்குகிறது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் அங்கே அடிவாரத்தில் இருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் உயர வேறுபாடு 900 மீட்டருக்கும் அதிகம். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், குழாயின் அடியில் இருப்பது 90 வளிமண்டல அழுத்தம்.

அந்தக் குழாயில் தண்ணீர் விரைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அடிவாரத்து வால்வைச் சட்டென்று மூடினால் என்ன ஆகும்? தண்ணீர் உடனே நிற்காது. பின்னாலிருந்து டன் கணக்கில் வரும் நீர் முன்னால் நின்றதன்மேல் மோதும். அந்த இடத்தில் அழுத்தம் எகிறும். வீட்டில் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறதே, அதன் பெரிய அண்ணன் இது. பொறியாளர்கள் இதை நீரறைவு என்பார்கள். மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் வெடித்துக்கொண்டே இருந்ததை ஆராய்ந்த நிக்கொலாய் ஷுக்கோவ்ஸ்கி 1898இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், இருக்கும் அழுத்தத்தோடு சுமார் 10 வளிமண்டல அழுத்தம் கூடுதலாகச் சேரும். அதனால்தான் இத்தனை உயரத்திலிருந்து நீர் இறங்கும் மின்நிலையங்களில் எதையும் அவசரமாக மூடுவதில்லை. பெல்டன் சக்கரம் என்ற நீர்ச்சுழலியின்மேல் பாயும் நீர்த்தாரையை அவசரத்துக்கு ஒரு தகட்டால் திசைதிருப்பிவிட்டு, வால்வை நிதானமாக மூடுவார்கள்.

மின்நிலையத்தில் எதை நடக்கவிடக் கூடாது என்று பொறியாளர்கள் பாடுபடுகிறார்களோ, அதையே காயில் வேண்டுமென்று செய்கிறது. சுருளில் மின்னோட்டத்தை ஓடவிட்டு, அது நன்றாக வேகம் பிடித்ததும் பாதையைத் துண்டிக்கிறது. ஓட்டம் நிற்க மறுக்கிறது. மறுப்பின் விளைவாக மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ், எகிறுகிறது.

இதைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் பெரிய விஞ்ஞானி அல்ல. 1834இல் வில்லியம் ஜென்கின் என்றொருவர் மைக்கேல் ஃபாரடேயிடம் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். ஒரே ஒரு மின்கலத்தோடு ஒரு மின்காந்தத்தின் கம்பியை இணைத்து, முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை. இணைப்பைப் பிரிக்கும்போது மட்டும் ஷாக் அடிக்கிறது. மின்கலத்தை நேராகத் தொட்டால் ஷாக் கிடையாது, இணைக்கும்போதும் கிடையாது, பிரிக்கும்போது மட்டும். அப்போதைக்கு ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சோதனைகள் செய்தார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி இதே விளைவை 1832லேயே எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் இதை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்.

ஃபாரடேக்கு முதலில் தோன்றியது நாம் மேலே சொன்ன தண்ணீர்க் கதைதான்: மின்சாரத்துக்கும் ஓடும் பொருளைப்போல உந்தம் இருக்குமோ? ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரே நீளக் கம்பியை ஒருமுறை நேராக நீட்டியும் ஒருமுறை சுருளாகச் சுற்றியும் சோதித்தார். நேரான கம்பியில் பொறி சிறியது; சுருளில் பெரியது; சுருளுக்குள் இரும்பை வைத்தால் இன்னும் பெரியது. இங்கேதான் தண்ணீர்க் கதை கைவிடுகிறது. குழாய் நேராகப் போனாலும் வளைந்து போனாலும் அதில் ஓடும் நீரின் எடை மாறாது. கம்பியில் ஓடுவதற்கு வெறும் உந்தம் மட்டும் இருந்திருந்தால், சுற்றினாலும் நீட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். ஆகவே ஓட்டத்தை நிற்கவிடாமல் தள்ளுவது கம்பிக்குள் இல்லை, கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் இருக்கிறது. அதுதான் காந்தப்புலம். மின்னோட்டம் ஓடும்போது சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. ஓட்டம் அறும்போது அந்தப் புலம் சரிகிறது. சரியும் புலம் தன்னை உண்டாக்கிய கம்பியிலேயே மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இதைத் தன்தூண்டல் என்பார்கள். எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு அழுத்தம்.

ஓர் உவமை எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே பொருந்தாமல் போகிறது என்று சோதித்துப் பார்ப்பதில்தான் ஃபாரடேயின் மேதைமை இருக்கிறது என்பது என் எண்ணம். பாடநூல்கள் இந்தச் சோதனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

காரின் காயிலுக்குள் ஒரே இரும்பு உள்ளகத்தின்மேல் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. முதல் சுற்று சற்றுத் தடித்த கம்பி, சில நூறு வளையங்கள். இரண்டாவது தலைமுடியைவிட மெல்லிய கம்பி, பத்தாயிரக்கணக்கில் வளையங்கள். ஒன்றுக்குச் சுமார் நூறு என்ற விகிதம். இந்த இரட்டைச் சுற்று யோசனை பழையது; அயர்லாந்தின் மேநூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பாதிரியார் நிக்கொலஸ் காலன் 1836இல் இப்படியொரு சுருளைச் செய்தார். பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுற்றில் மின்னோட்டத்தை ஏற்றுகிறது. அதுவும் உடனே ஏறாது. ஏறுவதையும் காந்தப்புலம் எதிர்க்கும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கு நேரம் எடுத்துக்கொண்டு ஏழெட்டு ஆம்பியரைத் தொடும். அப்போது எஞ்சினின் கணினி ஒரு டிரான்ஸிஸ்டரை அணைத்துவிடுகிறது. ஏற மில்லிநொடிகள் எடுத்த ஓட்டம் சில மைக்ரோநொடிகளில் அறுந்துவிடுகிறது. முதல் சுற்றில் மின்னழுத்தம் 300, 400 வோல்ட்டுக்குத் துள்ளுகிறது. நூறு மடங்கு வளையங்கள் கொண்ட இரண்டாம் சுற்றில் அது 30,000 முதல் 40,000 வோல்ட் வரை போகக்கூடும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. வோல்ட் ஏறினாலும் ஆற்றல் ஏறவில்லை. ஒரு பொறிக்குக் காயில் சேமித்துத் தருவது 50 முதல் 100 மில்லிஜூல் ஆற்றல். 10 கிராம் எடையை அரை மீட்டர் தூக்கினால் செலவாகும் ஆற்றல் 50 மில்லிஜூல். சரியான விகிதத்தில் கலந்து அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க 1 மில்லிஜூல்கூட வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டருக்குள் கலவை சுழன்றடிக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே விகிதமும் இல்லை. அதனால்தான் இத்தனை தாராளம்.

நிறுத்துவதில்தான் சூட்சுமம் என்பதற்குப் பழைய அம்பாசடர், பத்மினி கார்களை ஓட்டியவர்களே சாட்சி. அந்தக் கார்களில் டிரான்ஸிஸ்டர் கிடையாது. டிஸ்டிரிபியூட்டருக்குள் 'பாயிண்ட்' என்ற சிறு உலோக இணைப்பு திறந்து மூடும். அது திறக்கும்போது ஓட்டம் அறும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 காடிலாக் கார்களில் வந்த முறை இது. இதில் ஒரு சிக்கல்: எகிறும் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல், திறந்துகொண்டிருக்கும் பாயிண்டின் இடைவெளியிலேயே பொறியாகத் தாண்டிவிடும். தாண்டினால் ஓட்டம் உண்மையில் அறவில்லை என்று பொருள். அதைத் தடுக்கவே பாயிண்டோடு சுண்டுவிரல் அளவில் ஒரு கண்டென்சர், அதாவது மின்தேக்கி. பாயிண்ட் திறக்கும் நொடியில் அது மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இடைவெளி போதுமான அளவு அகலும்வரை அவகாசம் தரும். கண்டென்சர் போய்விட்டால் பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி சோனியாகும், வண்டி உயிரை விடும். காயில் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும். நிறுத்துவது மட்டும் போதுமான அளவுக்குத் திடீரென்று நடக்கவில்லை.

இனி மேட்டுக்கு வருவோம். காயிலால் 35,000 வோல்ட் தர முடியும் என்றால் ஒவ்வொரு பொறிக்கும் அவ்வளவு தருகிறது என்று அர்த்தமில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிளக்கின் இடைவெளி எந்த இடத்தில் தாங்காமல் முறிகிறதோ அங்கே ஏற்றம் நின்று பொறி பாயும். எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இடைவெளி. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் வாயுவையும் இடைவெளியையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அளந்து ஓர் எளிய உண்மையைக் கண்டார்: பொறிக்குத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணைச் சார்ந்தது. பிளக் வேலை செய்யும் நிலைமைகளில், அழுத்தம் கூடினாலும் வோல்டேஜ் கூட வேண்டும், இடைவெளி கூடினாலும் கூட வேண்டும். காரணம் புரியக்கூடியதே. பொறி பாய, காற்றில் இருக்கும் ஓரிரு எலக்ட்ரான்கள் வேகம்பிடித்து அணுக்களை மோதி மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்க வேண்டும். காற்று நெருக்கமாக இருந்தால் வேகம்பிடிக்கும் முன்பே மோதி வேகத்தை இழந்துவிடும். அந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் போதிய வேகம் வர வேண்டுமானால் பலமான மின்புலம் வேண்டும்.

எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. சிலிண்டருக்குள் நுழையும் காற்று மிகக் குறைவு. அழுத்தினாலும் பெரிய நெருக்கடி இல்லை. மேட்டில் காலை அழுத்தினால் திராட்டில் விரியத் திறக்கிறது, சிலிண்டர் நிறையக் காற்று நுழைகிறது, அதைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. ஒரே பிளக்குக்கு இப்போது இரண்டு மூன்று மடங்கு வோல்டேஜ் தேவைப்படும். சமதளத்தில் 8,000இல் பாய்ந்த பொறிக்கு மேட்டில் 20,000 வேண்டியிருக்கலாம். பிளக் புதிதாக, காயில் ஆரோக்கியமாக இருந்தால் இது பொருட்டே அல்ல, கையிருப்பு நிறைய. பிளக் தேய்ந்து காயிலும் தளர்ந்திருந்தால், தேவை மேலே ஏற ஏறக் கையிருப்பு கீழே இறங்கி, ஒரு மேட்டில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் 'மிஸ்ஸிங்'. பிளக் மேட்டில் கெடுவதில்லை. கெட்டிருப்பதை மேடு காட்டிக்கொடுக்கிறது.

மலை இதில் ஒரு சின்னக் கருணையும் காட்டுகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே சிலிண்டருக்குள் நெருக்கடி சற்றுக் குறைவு, பிளக்குக்குத் தேவையும் குறைவு. ஆனால் காற்று குறைந்தால் எஞ்சினின் இழுவையும் குறையும்; டிரைவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். கணக்கு நேராகிவிடும்! பக்கத்திலேயே டீசல் ஜீப் ஒன்று இதைப்பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் ஏறிப்போகும். அதற்குத் தீப்பொறி வேண்டாம். காற்றைக் கடுமையாக அழுத்துவதால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது.

பிளக் ஏன் தேய்கிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி கக்கும். ஒரு மணி நேரத்தில் 90,000. ஒவ்வொரு பொறியும் நுனி உலோகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகளைக் கவ்விக்கொண்டு போகும். 0.8 மி.மீ. இடைவெளி மெல்ல மெல்ல 1 மி.மீ.ஐத் தாண்டும். அதோடு கூர்மையான விளிம்புகள் மழுங்கிப்போகும். மின்புலம் கூர்முனையில்தான் குவியும் என்பதால், மழுங்கிய நுனிக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். சாதாரண நிக்கல் பிளக்குக்கு 1,455 டிகிரியில் உருகும் நிக்கல்தான் நுனி. இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் இரிடியத்தை ஊசிபோல மெலிதாக வைக்கலாம், அது சீக்கிரம் தேயவும் தேயாது. நிக்கல் பிளக் சில பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றால் இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் உழைக்கும்.

மூடுபனியின் பங்கு வேறு. இடைவெளியைத் தாண்ட முடியாத மின்னழுத்தம் சும்மா இருக்காது. வேறு வழி தேடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான், அதன்மேல் மாட்டும் ரப்பர் உறை, பழைய கார்களில் பிளக் வயர்கள் — இவையெல்லாம் வழியை அடைக்கும் மின்காப்புகள். ரப்பரில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், பீங்கான்மேல் தூசும் ஈரமும் சேர்ந்து படலமாகப் படிந்திருந்தால், மின்சாரம் சிலிண்டருக்குள் போகாமல் வெளிப்புறமாகவே எஞ்சின் உடம்புக்கு ஊர்ந்துவிடும். பல பிளக்குகளில் பீங்கானைச் சுற்றி நான்கைந்து வளையமேடுகள் இருப்பது அழகுக்கல்ல. மேற்பரப்பு வழியாகப் போகும் பாதையை நீட்டுவதற்கு. சிங்காரா மின்கோபுரங்களில் தொங்கும் இன்சுலேட்டர்கள் அடுக்கடுக்காக இருப்பதும் அதே காரணத்தால்தான். பழைய மெக்கானிக்குகள் இரவில் பானட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் ஓடும்போது வயர்கள்மேல் ஸ்பிரேயரால் லேசாகத் தண்ணீர் தூவுவார்கள். எங்கே நீலப்பொறி மினுக்குகிறதோ அங்கே ஒழுக்கு. சோதனை அருமையானது, பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம்.

கரி இன்னொரு ஒழுக்கு. பிளக்கின் உள்நுனி சுமார் 450, 500 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, திரும்ப வீடு என்று குளிரில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பிளக் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும். காயில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அது பீங்கானின் உள்மூக்கு வழியாகக் கசிந்துவிடும். உச்சத்தை எட்டவே எட்டாது. தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி படியும் டிசம்பர், ஜனவரி காலைகளில் இத்தோடு பேட்டரியும் சேர்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது 12 வோல்ட் 9, 10க்கு இறங்கும். காயிலில் ஓட்டமும் குறையும். நிறுத்தினாலும் எகிறுவது குறையும்.

ஒரு சின்ன விலகல். ஒவ்வொரு பிளக் பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1887இல் ரேடியோ அலைகளை முதலில் உண்டாக்கியது தூண்டல் சுருளையும் பொறி இடைவெளியையும் வைத்துத்தான். அதாவது ஒரு காயில், ஒரு பிளக். பழைய ரேடியோவில் அருகே ஸ்கூட்டர் போனால் 'கரகர' என்று கேட்டது இதனால்தான். இப்போதைய பிளக்குகளின் வயிற்றில் சுமார் 5,000 ஓம் மின்தடை வைத்து இரைச்சலை அடக்குகிறார்கள். அப்படியும் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிகளை மட்டும்தான் விடுகிறார்கள். ஊட்டி முத்தொரையில் 1970 முதல் 530 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் படுத்திருக்கும் நம்முடைய தொலைநோக்கி கேட்பதும் அதே வகை அலைகளைத்தான், கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து.

எந்த சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று காருக்கு எப்படித் தெரிகிறது? பொறியை அது பார்ப்பதில்லை. கிராங்க் தண்டின் சுழற்சியை ஒரு உணரி அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது தண்டு இம்மியளவு வேகம் கூடும். ஒன்று வெடிக்காமல் விட்டால் அந்த இடத்தில் வேகம் இம்மியளவு குறையும். அதை வைத்து இரண்டாம் சிலிண்டர் என்றால் 'பி 0302' என்று குறித்துவைக்கும். இப்போது நம் முறை. இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், முதலாவதை இரண்டாவதிலும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறிப்பு 'பி 0301' என்று இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையோ வேறெதையோ சந்தேகிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்ப்பது; ஃபாரடே கம்பியை நீட்டியும் சுற்றியும் செய்தது இதுதான்.

ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் இருக்கும் கார்களில் இதை வீட்டிலேயே செய்யலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்; சூடான அலுமினியத் தலையில் மரை உரிந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காயிலின் கனெக்டர் பூட்டைப் பதமாக அழுத்தி இழுங்கள். வயதான பிளாஸ்டிக் முறுக்குபோல ஒடியும். பெரும்பாலும் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட். அதை எடுத்தபின் காயிலை இடவலமாகத் திருகிவிட்டு மேலே இழுத்தால் வந்துவிடும். பிளக்கைக் கழற்றும் முன் அந்தக் குழிக்குள் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துத் தூசை வெளியேற்றுங்கள்; இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு மூடியின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போடுவது வீண். எண்ணெயில் ஊறிய ரப்பர் உறை சீக்கிரமே கெடும்.

வெளியே வந்த பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள், படியுங்கள். நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம், அல்லது குறுந்தூர ஓட்டம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் செலவு பெரிது. வெள்ளையாக வெந்து கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பீங்கான் உடம்பில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் வெளிப்புறமாக ஊர்ந்த தடம் அது.

புதுப் பிளக் காரின் கையேட்டில் சொன்ன எண்ணிலேயே இருக்கட்டும். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். விரிசல் வெளியே தெரியாது. இரிடியம் நுனியைக் கேஜால் நெம்பிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், ஒடிந்துவிடும். முதல் சில சுற்றுகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ட்யூபை மாட்டித் திருகினால், மரை மாறி ஏறப்போகும்போது ட்யூப் வழுக்கி எச்சரித்துவிடும். 14 மி.மீ. மரையும் வாஷரும் கொண்ட புதுப் பிளக் என்றால், கையால் இறுகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். டார்க் ஸ்பேனர் இருந்தால் கையேட்டின் அளவுப்படி. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து ஸ்டார்ட் செய்து பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். இன்றைய காயிலின் வேகம் வேறு, பக்கத்திலேயே பெட்ரோல் ஆவியும் இருக்கும்.

'மிஸ்ஸிங்' இருக்கும்போதே ஓட்டிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் வெளிக்குழாய் வழியாகப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும்; அதை மாற்றும் செலவில் பல செட் பிளக் வாங்கலாம். எஞ்சின் விளக்கு கண்சிமிட்டினால் மேட்டை ஏறி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. தேய்ந்த பிளக் ஒவ்வொரு முறையும் காயிலிடம் அதிக வோல்டேஜ் கேட்கிறது. கேட்ட அழுத்தத்தைத் தாங்கித் தாங்கியே காயிலின் உட்காப்பு ஓட்டையாகிறது. ஆகவே காயில் போன வண்டியில் காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிளக்கையே போடாதீர்கள். பிளக் நூறுகளில் கிடைக்கிறது, காயிலுக்கு ஆயிரங்கள் வேண்டும். மாற்றினால் எல்லா சிலிண்டர்களின் பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.